கேட்டால் "மிகவும் நல்லது" என்று சொல்லவும்

சென் ஜேம்ஸ் ரவுண், ரொறன்ரோ
21.03.1994

திருச்சியில் இருக்கும் அன்புத் தம்பி சீமோனுக்கு அண்ணன் அமிர்தநாதர் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி வேரோனிக்காவும் சுகம். நீயும் பிள்ளைகளும் அவ்விதமே இருக்க மன்றாடுகிறோம். இங்கே பனி கரையத் தொடங்கிவிட்டது, என் முழங்கால் மட்டும் இன்னும் அதை நம்பவில்லை.

நீ கேட்ட கடிதம் ஏன் சுணங்கியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்து ஏழு ஊராருக்கும் இங்கே ஓர் ஒன்றியம் இருக்கிறது. இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்களுக்கு "இவர் எங்கள் ஊரவர்" என்று உறுதிக் கடிதம் கொடுப்பது அதன் தலைவர் இராஜரட்ணம். அவர் ஏழிலும் பெரிய ஊர்க்காரர். போன மாதம் ஒன்றியத்துக்கு ஒரு யாப்பு, அதுதான் சட்டதிட்டம், எழுதினார். தலைவர் தான் விரும்பும்வரை தலைவராக இருப்பாராம், பெரிய ஊரில் ஆளுக்கொரு வாக்காம், எங்களுடையது போன்ற சின்ன ஊர்கள் ஆறுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாக்காம், ஏனென்றால் வயலும் மாடும் பார்த்த சனத்துக்கு யாப்பு விளங்காதாம். இதைப் பற்றி மக்கள் கருத்தறியக் கூட்டம் என்று அறிவித்தல் வந்தது. நானும் கருத்துச் சொல்லவென்று நான்கு பக்கம் எழுதி வைத்தேன்.

கூட்டத்துக்கு ஒரு கிழமைக்கு முன் அவருடைய ஆள் அன்புராசா வந்தான். அன்றைக்கு லிஃப்ட் வேலை செய்யவில்லை. பதினேழு மாடி ஏறி வந்தவனுக்கு வெருட்டுவதற்கு மூச்சு இல்லை. வேரோனிக்கா தண்ணீர் கொடுத்து, கதிரையில் இருத்தி, விசிறியும் போட்டுவிட்டாள். அதன் பிறகுதான் வெருட்டினான்.

"அண்ணை, கூட்டத்தில என்ன கேட்டாலும் 'மிகவும் நல்லது' எண்டு மட்டும் சொல்லோணும். வேற ஒண்டும் கதைக்கப்படாது. உங்கட தம்பியின்ர கடிதம் தலைவரின்ர மேசையில கிடக்குது, பாத்துக்கொள்ளுங்கோ."

"ஓம் தம்பி" என்றேன். சிரிப்பாக எழுதுகிறேன், ஆனால் அன்றைக்கு நான் பயந்துவிட்டேன். என் நான்கு பக்கமும், இங்கே வருவதற்காக நீ காத்திருந்த ஐந்து வருடமும் ஒரே மேசையில் கிடப்பது போல இருந்தது. நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். தூரத்து ஒஷாவா நகரில் இருக்கும் குடும்பங்கள் வரை எல்லாச் சின்ன ஊர்க்காரருக்கும் இதே பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தான் என்று பிறகு தெரிந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். செயலாளர் அருள்மலர் யாப்பை வாசித்தாள். அவள் எங்களைப் போலச் சின்ன ஊர்ப் பிள்ளை, அவள் தாயையும் அன்புராசா போய்க் கண்டிருக்கிறான். முதலாம் பிரிவை வாசித்து, "எப்பிடி?" என்று கேட்டாள். "மிகவும் நல்லது!" என்றோம், பூசையில் மறுமொழி சொல்வதுபோல. இரண்டாம் பிரிவுக்கும் அப்படியே. தலைவர் தலையாட்டினார். மூன்றாம் பிரிவு வந்ததும் அவள் கடதாசியை மேசையில் வைத்தாள். பிறகு அதைப் பார்க்காமலே, "தலைவரை ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துவம். எப்பிடி?" என்றாள்.

"மிகவும் நல்லது!"

"ஏழு ஊருக்கும் ஆளுக்கொரு வாக்கு?"

"மிகவும் நல்லது!" அன்புராசாவும் பழக்கத்தில் சேர்ந்து கத்தினான்.

தலைவர் எழும்பி, "உது நான் எழுதினதில்லை!" என்றார்.

"தலைவரை இருக்கச் சொல்லுவமோ?"

அந்த "மிகவும் நல்லது"க்கு யன்னல் அதிர்ந்தது. அவர் கதிரையில் அமர்ந்துவிட்டார். உறுதிக் கடிதத்தில் இனி எந்த மூன்று அங்கத்தவரும் கையெழுத்து வைக்கலாம் என்றும், இந்த யாப்பைத் தள்ளிவைத்துப் புதிதாக எழுதுவோம் என்றும் அதே வாயால் முடிவு செய்தோம். நான் வெருட்டலுக்குப் பயந்து, சொன்னபடியே நடந்தவன். ஆனாலும் இத்தனை வருடத்தில் இவ்வளவு துணிவாக நான் கத்தியதில்லை. ஒஷாவாச் சனம் கண்ணீர் வரச் சிரித்தது. வேரோனிக்கா என் கையைப் பிடித்தபடி வீடு வரை நடந்து வந்தாள்.

உன் கடிதம் மூன்று கையெழுத்தோடு இத்துடன் இருக்கிறது. பத்திரமாக விசாக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடு. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். மாதா உங்களைக் கைவிடமாட்டா.

இப்படிக்கு,
அன்பு அண்ணன்
அமிர்தநாதர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது ரெலிபோன் வந்தது. புதிய யாப்பு எழுதும் குழுவுக்கு என்னைத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். இருந்து யோசித்துப் பார்த்தேன். எல்லாரையும் ஒரே நாளில் கூப்பிட்டால் ஆளுக்கொரு கதை கதைத்துக் குழப்பிப்போடுவார்கள். அதனால் ஒஷாவாக்காரருக்கு மட்டும் கூட்டத் திகதியை ஒரு கிழமை தள்ளிச் சொல்லலாம் என்று இருக்கிறேன். மக்கள் கருத்து வேண்டியதுதான், ஆனால் யாப்பு எழுதி முடிந்த பிறகு.