கொடியில் காய்ந்த கிளவுஸ்

இரண்டாவது கிளவுஸும் பெருவிரல் பக்கம் கிழிந்ததும் வைகுண்டராஜ் ஸ்பேனரைத் தரையில் போட்டார்.

"இது மனுசன் கைக்குச் செஞ்சதா, மரப்பாச்சி கைக்குச் செஞ்சதா?"

இராஜபாளையம் தென்காசி ரோட்டில் உள்ள லாரி ஷெட்டில் அவர்தான் பெரிய மெக்கானிக். மீசை முளைக்கும் முன்னாலேயே கருப்பு ஆயிலில் முக்கின கை அது. முதலாளி ராஜரத்தினம் மதுரைக்குப் போய் யாரோ சொன்னதைக் கேட்டு வந்து, பழைய ஆயில் தோலுக்கு ஆகாது, கிளவுஸ் மாட்டாதவன் ஷெட்டுக்குள் வரவேண்டாம் என்று சட்டம் போட்டுவிட்டார். டாக்டர்கள் மாட்டுகிற மெல்லிசு ரப்பர். அதோடு இன்னொரு சட்டம்: ஒரு தடவை மாட்டினதைக் கழற்றித் தூர எறிந்துவிட வேண்டும்.

இங்கேதான் வைகுண்டராஜுக்குக் கொதித்தது. கிழியாத சாமானைக் குப்பையில் போடச் சொல்கிறவன் ஒன்று கிறுக்கனாக இருக்கவேண்டும், இல்லை கிளவுஸ் விற்கிறவனுக்கு மச்சானாக இருக்கவேண்டும். ஷெட்டுக் குப்பைத்தொட்டியில் கிடந்ததை எல்லாம் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். பொஞ்சாதி தங்கபாய் சோப்புப் போட்டு அலசி, வாசல் கொடியில் விரல் விரலாய்த் தொங்கவிட்டாள். தெருவில் போனவன் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

ரப்பர் வெளியே காயும், உள்ளே காயாது. ஈரத்தோடு நாளெல்லாம் மாட்டியதில் கை வெந்து தோல் உரிந்தது. விரலிடுக்கில் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. பார்த்தால் முதலாளி சிரிப்பானே என்று தெருமுனை டீக்கடைக்கும் கிளவுஸோடே போனார்.

கடைக்காரன் சோலைராஜ் அவர் குடித்த கிளாஸை மட்டும் தனியாக எடுத்துக் கொதிநீரில் முக்கினான்.

"என்னலே, எங்கிளாசுக்கு மட்டும் தனிக் குளிப்பு?"

"சும்மாதான் அண்ணாச்சி. கிளவுசைக் கழட்டாமக் குடிச்சியளா, அதான்..."

ரோசத்தில் கழற்றிக் காட்டினார். காட்டாமலே இருந்திருக்கலாம். பெஞ்சில் பக்கத்தில் இருந்தவன் டீயோடு எழுந்து ரோட்டுக்கே போய்விட்டான்.

அவர் மகள் இசக்கியம்மாளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பெண்ணுக்கும் பையனைப் பிடித்திருந்தது. இந்தப் பக்கத்தில் பெண் வீட்டைப் பற்றித் தெருமுனை டீக்கடையில் விசாரிக்காமல் யாரும் பூ வைக்க வரமாட்டார்கள். பையன் வீட்டாரும் வந்து விசாரித்தார்கள். சோலைராஜ் நல்ல மனசோடுதான், தங்கமான மனுசன், கையில மட்டும் ஏதோ சீக்கு என்று சொல்லி அனுப்பினான்.

அதோடு அந்தப் பக்கத்துப் பேச்சு நின்றுபோனது. சேதி வீட்டுக்கு வந்ததும் தங்கபாய் ஆடித் தீர்த்துவிட்டாள். "குப்பையில போட்டதைப் பொறுக்கி எம்மக வாழ்க்கையைக் குப்பையில போட்டீரே."

அவளே துவைத்து அவளே காயப்போட்டாள், பழி மட்டும் தனக்கா என்று அவரும் கத்தினார். கத்திப் பிரயோசனமில்லை, கை ஆறவேண்டும். உள்ளூரில் தோல் டாக்டரைப் பார்த்தால் ஊர் பேசும். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியூருக்குப் பஸ் ஏறிப் போய் மருந்து வாங்கி வந்தார். எந்த ஊர் என்று தங்கபாய் கேட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றார். அவள் அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

கை பழையபடி ஆகிவிட்டது. சம்பந்தம் போனது போனதுதான் என்று கிடந்தபோது, வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறோம் என்று ஆள் வந்தது. தங்கபாய்க்குத் தரையில் கால் பாவவில்லை. வைகுண்டராஜுக்குத்தான் சந்தேகம். சீக்கு என்று கேட்டபிறகும் ஒருத்தன் சம்பந்தம் பண்ண வருவானா? இல்லை, வீட்டுக்கே வந்து கையைப் பார்த்துக் கேவலப்படுத்திவிட்டுப் போகத்தான் வருகிறான். வரட்டும்.

வாயைத் திறக்கக்கூடாது என்று தங்கபாய் சத்தியம் வாங்கியிருந்தாள்.

வந்தார்கள். சிரித்துப் பேசினார்கள், பலகாரம் தின்றார்கள். பையனின் அத்தை பரிபூரணம் மல்லிகைப்பூப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு கரிசனமாய்க் கேட்டாள்.

"கை இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி? தோல் டாக்டர் வாசல்ல உங்களைப் பாத்தோமே. இதை எதுக்கு மறைக்கணும், உடம்புன்னா வரத்தான் செய்யும்."

சத்தியம் பறந்தது.

"யாருக்குச் சீக்கு?" இரண்டு கையையும் அவள் முகத்துக்கு நேரே விரித்தார். "நல்லாப் பாத்துக்கிடுங்க. எங்க வம்சத்துல ஒருத்தனுக்கு ஒரு சொறி கெடையாது. தோல் சீக்கு உள்ள வீட்டுல எவனாவது சம்பந்தம் பண்ணுவானா? நானா இருந்தா வாசப்படி மிதிக்க மாட்டேன்."

வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அம்புட்டுப் பேர் வாயையும் அடைத்துவிட்ட தெம்பில் வைகுண்டராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பரிபூரணம் பூப்பந்தைத் திரும்பவும் பைக்குள் வைத்தாள்.

"எந்திரிங்க, போவோம். நம்ம பையனுக்கு உடம்பெல்லாம் கரப்பான் படைன்னு சொன்னா, இந்த ஒரு வீட்டுலதான் பொறுத்துக்கிடுவாகன்னு நம்பி வந்தோம்."