மகளைத் தத்துவ வகுப்பிலிருந்து மீட்கப் போன விவரம்

அன்பும் பயமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரியும் மகளும் குழாய்க் கடையும் நலம். அங்கே உன் முழங்கால் நலமா? மாமாவின் முன்கோபம் நலமா?

போன வாரம் நீ போனில் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "டேய், பிள்ளைய கிறிஸ்தவக் கல்லூரியில சேர்த்த, சரி. அங்க போய் தத்துவம், மதம், அறவியல்னு படிச்சு என்னடா பண்ணப் போறா? பேசாம அக்கவுண்ட்ஸுக்கு மாத்து" என்றாய். நீ சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்? மறுநாளே கடையைச் சாத்திவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். முதல்வர் ஜெபக்கூடத்தில் இருந்தார், வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அதனால் பியூன் என்னைக் கொண்டுபோய் மகளின் வகுப்பிலேயே கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். அங்கே பாடம் எடுக்கும் ஃபாதருக்கு ஒரு வழக்கம். யார் எதை நம்பவில்லையோ, அந்தப் பக்கத்துக்காக அவர்களே வாதாட வேண்டும். தினமும் ஜெபக்கூடத்தில் முதல் வரிசையில் உட்காரும் பையன் கடவுள் இல்லை என்று பேசினான், நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமியாவது பூதமாவது என்று திரியும் பெண் கடவுள் உண்டு என்று பேசினாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஃபாதர் சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் ஒரே மார்க் போட்டார். நான் முதல்வரைப் பார்க்க வந்ததையே மறந்து வீடு திரும்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் மகள் கடையில் இருந்தாள். குழாய் வாங்க வந்தவர், "இது எத்தன வருஷம் உழைக்கும்?" என்று கேட்டார். நான் வழக்கம்போல, "உங்க பேரன் காலம் வரைக்கும்" என்றேன். உடனே இவள், "அப்பா, இது உங்களுக்குத் தெரியுமா, நம்புறீங்களா, இல்ல ஆசப்படுறீங்களா?" என்றாள். கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டேன். "ஆசைதாம்மா" என்றேன். அந்த மனுஷன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு இரண்டு குழாயாக வாங்கிப் போனார். வீட்டிலும் இதே கூத்துதான். முன்பெல்லாம் எனக்குப் போன் வந்தால் இவள் அம்மா கூசாமல், "அவர் இல்லீங்க" என்பாள். இப்போது மகளுக்குப் பயந்து, "இருக்காருங்க, பேச மாட்டாராம்" என்கிறாள். இதனால் மூன்று சொந்தக்காரர்கள் என்னோடு பேசுவதில்லை. நிம்மதியாகத்தான் இருக்கிறது.

இருந்தாலும் நீ சொன்னதை விடலாமா? அன்று சாப்பிட்டதும் அவளை உட்கார வைத்து, "அக்கவுண்ட்ஸுக்கு மாறிடும்மா" என்றேன். பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "லாபம் எவ்வளவுன்னு கணக்கு சொல்லும்பா. அது நியாயமான லாபமான்னு கேக்கவும் வீட்டுல ஒரு ஆள் வேணாமா?" என்றாள். அக்கா, நான் பெற்ற பிள்ளையா இப்படிப் பேசுகிறது என்று அத்தனை பெருமையாக இருந்தது. "படி தாயி, நீ இதையே படி" என்று சொல்லிவிட்டேன். இனி இதில் நீயும் வாயைத் திறக்காதே.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்றுச் சண்டையில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லை முதல் முறையாகத் தட்டிய தம்பி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மகள் வந்து உட்கார்ந்தாள். அன்று பேசியது ஃபாதர் கொடுத்த வீட்டுப் பாடமாம். "எனக்கே அக்கவுண்ட்ஸுக்கு மாறிடலாம்னுதாம்பா இருந்துச்சு. நீங்க இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்குவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல" என்கிறாள். நான் மாறாதே மாறாதே என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவள் அளவுக்குப் பேச வரவில்லை. உடனே புறப்பட்டு வா அக்கா. வந்து என் பக்கம் பேசு. நீ அதை நம்ப வேண்டும் என்றுகூட இல்லை.