சுந்தரி வத்தலுக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

தென்காசி,
ஆடி மாதம், சாரல் விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை விஜயசங்கர் அவர்களுக்கு, மாமனார் குமரகுரு எழுதிக்கொள்வது. இங்கு நானும், தங்கள் அத்தையும், மொட்டைமாடியும், மாடியில் காய வேண்டியவையும் காசிவிசுவநாதர் புண்ணியத்தில் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வந்தது, ஆனால் மாப்பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது. அங்கு தங்கள் நலமும், மகள் வித்யாலட்சுமி நலமும், பெங்களூரு டிராபிக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த தங்கள் இடுப்புவலியின் நிலவரமும் அறிய ஆவல்.

போன் இருக்கும்போது மாமா எதற்குத் தபாலில் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். என் செல்போன் இப்போது பீரோவில், தங்கள் அத்தையின் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது. பீரோ சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. வித்யாவுக்கு எழுதலாம் என்றால் அவள் பிறந்ததிலிருந்தே அம்மா கட்சி. ஆகவே தாங்கள்தான் எனக்கு மிச்சம்.

போன தீபாவளிக்குத் தாங்கள் வந்திருந்தபோது, அத்தை சின்னக் கசப்புக்காயில் போட்ட மிதுக்கவத்தலைத் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டு, "இதை பிராண்ட் ஆக்கணும் மாமா" என்றீர்கள். வயிறு நிறைந்த மாப்பிள்ளைகள் வழக்கமாகப் பேசுகிற பேச்சு என்று நானும் தலையாட்டினேன். தாங்களோ ஊருக்குக் கிளம்புவதற்குள் பெயர் வைத்து, படம் வரைந்து, இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்து, கூகுள் மேப்பில் நம் வீட்டையே கடையாக்கிவிட்டீர்கள். வீட்டுவரி என் பெயரில் வருகிறது, மேப்பில் வீட்டின் பெயர் 'சுந்தரி வத்தல்'. கூரியர்காரர் வாசலில் நின்று, "சுந்தரி வத்தல் சாரா?" என்று கேட்கிறார். ஆமாம் என்று கையெழுத்துப் போடுகிறேன். இதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, உள்ளுக்குள் சந்தோஷம்தான். எங்கள் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு சண்முகசுந்தரி தன் பெயரை அச்சில் பார்த்தது அந்தப் பாக்கெட்டில்தான். முதல் பாக்கெட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, தன் பெயரை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தாள். நான் கதவோரம் நின்றது அவளுக்குத் தெரியாது.

அதோடு விட்டிருக்கலாம். பிராண்டுக்கு ஒரு முகம் வேண்டும், அத்தை முகம்தான் பிராண்ட் என்று தாங்கள் சொல்லிவிட்டீர்கள். வீடியோ எடுக்கக் கடையநல்லூரிலிருந்து சஃப்ரினையும் ஏற்பாடு செய்தீர்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். புருஷன் ஷார்ஜாவில் இருக்க, இவள் இங்கே பஸ் ஏறி வந்து நாலு கடைக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கிற கெட்டிக்காரி. அவள் சொன்னால் தங்கள் அத்தை சிரிக்கிறாள், திரும்புகிறாள், வத்தலை எண்ணெயில் போட்டு அது பொரிகிற சத்தத்தைப் போனுக்குக் கேட்கவிடுகிறாள். அந்த நேரத்தில் ஃபேனை நிறுத்துவதும் தும்மாமல் இருப்பதும் கம்பெனியில் என் வேலை.

சீசன் தொடங்கியதும், அருவி தெரிய ஒரு ரீல் எடுத்தால் குற்றாலம் வருகிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள் என்று சஃப்ரின் எங்களை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனாள். தங்கள் அத்தை பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் ஒரு குரங்கு வந்து அதைப் பிடுங்கிவிட்டது. பிரித்து, ஒரு மிதுக்கவத்தலைக் கடித்து, முகத்தைச் சுளித்து, கொஞ்சம் யோசித்து, திரும்பவும் தங்கள் அத்தையிடம் வந்து கையை நீட்டியது. அவள் பயத்தை மறந்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சேர்த்து, 'கசப்புதான், ஆனா விட முடியல' என்று மேலே எழுதி சஃப்ரின் போட்டுவிட்டாள். மறுநாள் லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்று தாங்கள் கைதட்டுகிற படம் அனுப்பினீர்கள். லட்சம் பேர் என்றால் இரண்டு லட்சம் கண், மாப்பிள்ளை.

அதற்கு அடுத்த நாள் காலையில் தங்கள் அத்தை மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடதுகால் சுளுக்கிக்கொண்டது. சாரல் ஈரம்தான் காரணம் என்றார் டாக்டர். ஈரம் வருடா வருடம் இருக்கிறது, அவளும் வருடா வருடம் அதே படியில் ஏறுகிறாள், இத்தனை காலம் விழாதவள் இப்போது ஏன் விழுந்தாள் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் மருந்து இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. தெருக்காரர் கண்ணுக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டால் தீர்ந்துவிடும். கனடாவிலிருந்து பார்த்தவன் கண்ணுக்கு எவ்வளவு மிளகாய் என்று யாரிடம் கேட்பது? அளவைக் கூட்டிவிடுவோம் என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் அள்ளி அவளைச் சுற்றி அடுப்பில் போட்டேன். அது கோயம்புத்தூருக்கு அனுப்ப வைத்திருந்த மோர்மிளகாய். அதில் உப்பு முன்பே இருப்பதால் தனி உப்பு வேண்டாம் என்பது என் கணக்கு. தெருவே இருமியது. அவள் காலைத் தாங்கித் தாங்கி வந்து என்னைப் பார்த்த பார்வையைச் சுற்றிப்போட என்னிடம் வேறு மிளகாய் இல்லை.

அன்று மத்தியானம் மேப்பில் நம் வீட்டை எடுத்துப் பார்த்தேன். வாங்கினவர்கள் எல்லாரும் ஐந்து ஐந்து நட்சத்திரமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு கறுப்பு இல்லை. குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்தில் மைப்பொட்டு மட்டும் வைக்காமல் பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தியது மாதிரி இருந்தது. கட்டி முடியாத வீட்டுக்குக்கூட ஒரு பூசணிக்காய் தொங்கவிடுகிறோமே, லட்சம் பேர் பார்க்கிற வீட்டுக்கு ஒன்றும் வேண்டாமா? யாராவது ஒருவர் ஒரு சின்னக் குறை வைத்தால் கண் அதில் போய் விழுந்துவிடும், அவள்மேல் விழாது. அந்த ஒருவர் நானாக இருப்பதுதான் முறை என்று, என் பெயரிலேயே ஒரே ஒரு நட்சத்திரம் போட்டேன். காரணம் எழுதக் கட்டம் வந்தது. காலமெல்லாம் ஆபீஸில் குறிப்பு எழுதின கை அல்லவா, 'பொருள்: ஒரு நட்சத்திரம் அளித்தல் தொடர்பாக' என்று தொடங்கி, பார்வை, மேற்கோள் எல்லாம் போட்டு, கீழே கொஞ்சம் விவரமும் எழுதினேன். அந்த விவரத்தைத் தாங்கள் வாசிக்க வேண்டியதில்லை, அழித்தால் போதும்.

இதை நான் மனதோடு வைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து நமக்குக் காய் போடுகிற, தூரத்துச் சொந்தமான லிங்கேஸ்வரன் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். அவர் உருகிப்போனார். "நல்ல காரியம் செஞ்சிய. நம்ம சுந்தரிக்கு நானும் ஒரு பொட்டு வைக்கேன், எங்கன அமுக்கணும்னு மட்டும் காட்டுங்க" என்றார். காட்டினேன். அவர் அதை நம் குடும்ப வாட்ஸ்அப்பில் சொன்னார். அவ்வளவுதான், மொய் எழுதுகிற மாதிரி வரிசையாக வந்து எழுதிவிட்டார்கள். வடிவம்மாள் மதினி 'உப்பு கரிக்குது' என்று எழுதினாள். சொக்கம்மாள் சித்தி 'வத்தலில் கல்' என்று எழுதிவிட்டு, "சும்மா எழுதினேன், மனசுல வச்சுக்கிடாத" என்று எனக்குத் தனியாக ஒரு செய்தியும் அனுப்பினாள். காய் மட்டரகம் என்று எழுதியவர் லிங்கேஸ்வரன் அண்ணாச்சி. காய் கொடுப்பவரே அவர்தான், மாப்பிள்ளை.

இதற்குள் தாங்கள் பேசி வைத்திருந்த சென்னைக் கடைக்காரம்மா நம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டார். தங்கள் அத்தைக்கே போன் செய்து, சொந்த ஊரிலேயே இத்தனை புகார் இருக்கிறதே, கடையில் வைப்பதைப் பற்றி யோசித்துச் சொல்கிறோம் என்றார். சென்னையில் ஒரு கடைப் பலகையில் தன் பெயர் நிற்கப்போகிறது என்று அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஆசை எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு மேப்பைத் திறந்தாள். முதலில் தெரிந்தது என் பெயரும், ஒரு நட்சத்திரமும், 'பொருள்' என்கிற வரியும்.

கண் படாமல் இருக்கத்தான் செய்தேன் என்று சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

"ஊர்க்காரங்க எழுதினத நான் தாங்கிக்கிடுவேன். இத்தனை வருசம் என் கையால சாப்பிட்டுட்டு நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல நீங்க. மொத மொதல்ல வாய் தொறந்து சொன்னது இந்த ஒரு ஸ்டார்தானா?" என்றாள்.

எங்கள் வீட்டு வழக்கம் தங்களுக்குத் தெரியாது. பந்தியில் உட்கார்ந்து நன்றாக இருக்கிறது என்று சொன்னால் சமைத்த கைக்குக் கண் என்பார்கள். பேசாமல் மறுசோறு கேட்பதுதான் பாராட்டு. நான் கேட்காத நாள் கிடையாது. அவளுக்கும் அது தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அதை அப்போது எடுத்துச் சொல்ல நாக்கு புரளவில்லை. நட்சத்திரத்துக்குக் கீழே நான் எழுதியிருக்கும் விவரத்தை வாசித்துப் பார் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. எழுதிவிடுவேன், எழுதினதை வாயால் சொல்ல எனக்கு வராது.

அன்றிலிருந்து போன் பீரோவுக்குப் போய்விட்டது. மோரில் ஊறுகிற மிளகாயை அவள் எடுத்துக் காயப்போடவில்லை. நேற்று அதிசயமாக வெயில் அடித்தது. இந்தச் சீசனில் வெயில் கிடைப்பது எவ்வளவு பாடு என்று தங்களுக்கே தெரியும். அவள் மாடிக்குப் போகவில்லை. வெயில் தனியாக நின்றுவிட்டுப் போய்விட்டது. எனக்குச் சோறு நேரத்துக்கு வருகிறது, குழம்பும் வருகிறது. தொட்டுக்கொள்ள மட்டும் கடை அப்பளம் வைக்கிறாள். மறுசோறு கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

ஆகவே தாங்கள் தயவுசெய்து என் நட்சத்திரத்தை முதலில் அழித்து, மற்றவர்களுடையதையும் எப்படியாவது எடுத்துவிட்டு, கடைக்காரம்மாவிடம் எல்லாம் சொந்தக்காரர்கள் பிரியத்தில் செய்தது என்று புரியும்படி சொல்ல வேண்டும். அது புரியும்படி சொல்லக்கூடியதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தையிடமும் எனக்காக இரண்டு வார்த்தை பேசுங்கள். மாப்பிள்ளை சொன்னால் அவள் தட்ட மாட்டாள். இனி ஜென்மத்துக்கும் நட்சத்திரம் பக்கம் போக மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லலாம்.

உலகம்மன் துணையிருக்க, தங்கள் வீட்டில் மழையும் வெயிலும் வேண்டிய வேண்டிய நேரத்தில் வந்துபோகட்டும். வித்யாவுக்கு என் ஆசி, கோபமில்லாதபோது சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மாமா
குமரகுரு

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தில் கேட்டுக்கொண்டவை அனைத்தையும் ரத்து செய்கிறேன். தபாலில் போடக் கிளம்பி, சாரலுக்குக் குடை எடுக்கத் திரும்பி வந்தால், சஃப்ரின் வந்து அடுக்களையில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அக்கா, மாமா எழுதினதுக்குக் கீழ 'மேலும்'னு ஒண்ணு இருக்கே, அதை நீங்க அமுக்கவே இல்லையா?" என்று கேட்டுவிட்டு, சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது, குடைதான் கிடைக்கவில்லை. தாங்களும் எப்படியும் வாசிப்பீர்கள், அதனால் எழுதியதை நானே சொல்லிவிடுகிறேன்:

'இந்த வத்தலில் குறை என்று எதுவும் இல்லை. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. உப்பு சரியாக இருக்கிறது, கசப்பும் இருக்க வேண்டிய அளவில் இருக்கிறது. இது இல்லாத நாளில் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்காது. ஒரு நட்சத்திரம் போட்டது வத்தலுக்காக அல்ல, செய்கிறவள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. அவளுக்கு இடதுகால் சரியில்லை. வெயிலில் நிற்கும்போது தலையில் துண்டு போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. வாங்குகிறவர்கள் யாராவது சொல்லிப் பார்க்கவும்.'

வாசித்து முடித்ததும் தங்கள் அத்தை கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். வெளியே வெயில் இல்லை, சாரல்தான். பிறகு லிங்கேஸ்வரன் அண்ணாச்சியில் தொடங்கி எல்லாரையும் கூப்பிட்டு, அவரவர் மொய்யை அவரவரே திரும்ப எடுத்துக்கொள்ளும்படி சொன்னாள். சஃப்ரின் நான் எழுதியதைச் சென்னைக்கு அனுப்பினாள். கடைக்காரம்மா கொஞ்ச நேரத்திலேயே கூப்பிட்டு, வெயில் வந்ததும் முதல் பெட்டியை அனுப்பச் சொல்லிவிட்டு, தலையில் துண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்றாராம். மத்தியானம் தட்டில் மிதுக்கவத்தல் இருந்தது. நான் மறுசோறு கேட்டேன், நன்றாக இருக்கிறது என்றும் சொல்லித் தொலைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் பீரோவைத் திறந்து போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். உடனே என் ஒன்றை ஐந்தாக மாற்றிவிடுகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம், அது அப்படியே கெடக்கட்டும்" என்றாள். "அஞ்சு போட்டா கண்ணு பட்டுரும்."