வெளியாருக்குச் சொல்லலாகாது

தனிமனித அந்தரங்கத்தைக் காப்பது எப்படி என்று உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த 1993-ல், திருச்சுழிக்குத் தெற்கே மேலக்கரிசல்பட்டி ஆஸ்பத்திரி அதைச் சாதித்தே காட்டியது. சாதித்தவர் கிளார்க் ஞானராஜ்.

‘நோயாளிகளின் விவரங்களை வெளியாருக்குத் தெரிவிக்கலாகாது’ என்று மேலிடத்துச் சுற்றறிக்கை வந்தது. சட்டம் என்றால் சும்மாவா? ‘வெளியார்’ யார் என்று முடிவுசெய்ய ஞானராஜ் ஊழியர் கூட்டம் கூட்டினார். வந்தது ஆயா மாயக்காள் மட்டும்.

“அசலூர்க்காரவுகதான் சார் வெளியாரு. நம்ம ஊர்க்காரவுக எப்படி வெளியாராவாக?”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்றுமுதல் அசலூர்க்காரர் எவராலும் ஞானராஜிடம் ஒரு சொல் கறக்க முடியவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு டீக்கடையிலேயே சகலமும் கிடைத்தது.

தங்கலட்சுமி பாலவனத்தத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் பிழைப்புக்கு வடக்கே போயிருந்தான். கைப்பிள்ளையோடு இரண்டு மாதமாக இருமிக்கொண்டிருந்தவள், சளிச் சோதனை முடிவு கேட்க வந்தாள்.

“ரேஷன் கார்டுல பேரு எங்கம்மா இருக்கு?”

“பாலவனத்தத்துல, எங்க அப்பா கார்டுல.”

“அப்ப சொல்ல முடியாது. ரகசியம்.”

“என் சளி சார் அது!”

“சளி ஒன்னோடது. விவரம் அரசாங்கத்தோடது.”

ஆகா, என்ன தெளிவு! மாத்திரை கொடுத்தால் எதற்கு மாத்திரை என்று சொல்ல நேருமே? ஆகவே மாத்திரையும் ரகசியமானது. டாக்டரைக் கேட்கலாமென்றால், அவர் வியாழக்கிழமைகளில்தான் வருவார். எந்த வியாழன் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

குழாயடியில் தங்கலட்சுமியைக் கண்டதும் பெண்கள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். பக்கத்து வீட்டுக் குருவம்மாள் தள்ளி நின்று கேட்டாள்: “ஏத்தா, மாத்திரை குடுத்தாகளா?”

“எதுக்கு மதினி மாத்திரை? எனக்கு என்ன சீக்கு?”

குருவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஆத்தாடி! ஒன்கிட்டச் சொல்லக் கூடாதாம்ல!”

ஊருக்கே தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று தங்கலட்சுமி குடத்தை நங்கென்று இறக்கிவைத்தாள். கார்டில் பேரை இந்த ஊருக்கு மாற்ற எழுதிப்போட்டாள். மூன்று மாதம் ஓடியது. கார்டு வரவில்லை. நெஞ்செலும்பு எண்ணுகிற அளவுக்கு இளைத்துப்போனாள். பிள்ளையும் இரும ஆரம்பித்தபோது, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போய் நின்றாள்.

“சார், இவன் இந்த ஊர்க்காரன். இவன் பிறந்ததை நீங்கதான எழுதுனீக? என் சீக்கு என்னன்னு இவன்கிட்டச் சொல்லுங்க.”

ஞானராஜ் சுற்றறிக்கையைப் புரட்டினார். ஆட்சேபணைக்கு இடமில்லை. எழுந்து, சட்டையைச் சரிசெய்து, குழந்தையின் காதருகே குனிந்தார்.

“தம்பி, ஒங்க அம்மாவுக்கு டிபி.”

பிறகு நோட்டை மூடி நிமிர்ந்தார். “மூணு மாசமா இந்த ரகசியம் ஒரு அசலூர்க்காரனுக்குப் போகலை, பாத்தியா?”

“ஆமா சார், போகலை” என்றாள் தங்கலட்சுமி. “சீக்குத்தான் பிள்ளைக்குப் போயிருச்சு.”