அருகில் அண்ணன்

ஒரே ஒரு சொல்லை எதிர்த்து ஆயுள் முழுக்கப் போராடிய மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் திண்டிவனம் கூரியர்கடை அண்ணன் ஒருவர்தான். அந்தச் சொல் ‘அருகில்’. அதனால் ஊரே அவருக்கு ‘அருகில் அண்ணன்’ என்று பெயர் வைத்துவிட்டது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வெளியூரில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் திண்டிவனத்தான், விழுப்புரத்தான், கிளியனூரான் எல்லோரும் ஒரே குரலில் ‘பாண்டிச்சேரி பக்கம்’ என்போம். முகவரியிலும் ‘பாண்டிச்சேரி அருகில்’ என்று எழுதிவைப்போம். அண்ணன் சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டுத்தான் பார்சலையே தராசில் வைப்பார்.

“ஏண்ணே அடிக்கிற? பார்சல் எங்கனா போயிடப் போவுது” என்று ஒருமுறை கேட்டேன்.

“தம்பி, சென்னை ரோடு, திருச்சி ரோடு, பாண்டி ரோடு, திருவண்ணாமலை ரோடு எல்லாம் நம்ம ஊர்லதான் பிரியுது. பாண்டிக்குப் போறவனே நம்மள கேட்டுக்கினுதான் போவணும். நாம எதுக்கு அவங்கள ஒட்டிக்கினு நிக்கணும்?”

அதோடு விடமாட்டார். மரக்காணத்து உப்பு, மார்க்கெட் கமிட்டிக்கு விற்பனைக்கு வரும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, செஞ்சிக் கோட்டை என்று அரை மணி நேரம் பாடம் நடக்கும். அவரை அடக்கத் தெரிந்தவர் விழுப்புரத்தில் பிறந்த அண்ணி மட்டும்தான். “பெரிய ஊரு. ட்ரெயினெல்லாம் எங்க ஊர்லதான் நின்னு தண்ணி புடிச்சிக்கினு போவுது” என்பார். அண்ணன் உடனே அடுத்த பார்சலை எடுத்துத் தராசில் வைத்துவிடுவார்.

இந்தப் பாடத்தால் மகள் கலைக்கு வந்த இரண்டு வரன்கள் ஏற்கெனவே ‘போய்ச் சொல்லி அனுப்புகிறோம்’ என்று பஸ் ஏறிவிட்டன. மூன்றாவது வரன் கோயம்புத்தூர். போட்டோவைப் பார்த்ததுமே கலைக்குப் பையனைப் பிடித்துப்போயிற்று. தரகர் வழக்கம்போலப் ‘பாண்டிச்சேரி பக்கம்’ என்று சொல்லிவைத்திருந்தார்.

“பொண்ணு வாழ்க்கைய்யா. இன்னிக்கு ஒரு நாள் வாய மூடிக்கினு இரு” என்று அண்ணி கெஞ்சினார். அண்ணன் தலையாட்டினார். பேச்சுத் துணைக்கு, எதிர்வீட்டுக்காரனான என்னையும் உட்காரவைத்தார்கள்.

பையனின் அம்மா பஜ்ஜியைக் கையில் எடுத்ததுமே கேட்டுவிட்டார். “பாண்டிச்சேரி பக்கத்துலதானுங்களே இருக்கறீங்க?”

அண்ணன் ஒரு முழு பஜ்ஜியை வாயில் திணித்துக்கொண்டார். மென்றார். தண்ணீர் குடித்தார். அதற்குமேல் ஒத்திப்போட வழியில்லை.

“ஆமாங்க. பக்கம்தாங்க” என்றார்.

தோற்றுப்போன அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. எத்தனையோ முறை அவரைக் கிண்டல் செய்தவன்தான் நான். அன்று மட்டும் ஏனோ அவருக்காக எனக்கு அழுகை வந்தது.

காபித் தட்டோடு வந்த கலை அப்படியே நின்றுவிட்டாள். “பாண்டி நாப்பது கிலோமீட்டருங்க. எங்க ஊரு திண்டிவனம்” என்றாள்.

அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்றாவது வரனும் பஸ் ஏறிவிட்டது என்றே நானும் நினைத்தேன்.

பையன் சிரித்துவிட்டான். “நானும் அப்படித்தானுங்க. எங்க ஊரு பல்லடமுங்க. வெளிய எல்லார்த்துகிட்டயும் கோயம்புத்தூர்னுதான் சொல்லீட்டிருக்கேன்.”

அவன் அம்மா அவனை முறைத்தார். அண்ணன் எழுந்துபோய்ப் பையன் கையைப் பிடித்துக்கொண்டார். தை மாதமே கல்யாணம். பத்திரிகையில் ‘அருகில்’ எங்கும் இல்லை. மண்டபம் தேடிக் கோயம்புத்தூர்க்காரர்கள் பாதிப் பேர் எங்கள் ஊரையே சுற்றினார்கள்.

போன மாதம் கடைக்குப் போனேன். மகளுக்கு அனுப்ப வறுத்த மல்லாட்டையைக் கட்டி, முகவரி எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பார்சலைச் சட்டென்று கவிழ்த்தார். நான் விடுவேனா, திருப்பிப் பார்த்தேன். ‘பல்லடம்’ என்று எழுதி, அதன் கீழே அவர் கையாலேயே ‘கோயம்புத்தூர் அருகில்’.

“என்னாண்ணே இது?”

“அது பொண்ணுக்குப் போறது தம்பி. வழியில எங்கனா மாறிடப் போவுது” என்றார், பார்சலைத் தடவிக்கொண்டே.

சிவப்புப் பேனா மேஜைமேலேயே இருந்தது. நான் அதை எடுத்து, அவர் கண்ணில் படாமல் என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.