நண்டுக்கு அடித்த போமலின்

எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடியின் கார் தரிப்பிடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடமில்லை. டொக்டர் ஹியூபேட் வருவார். என்ன டொக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கையில் ஊதா ஒளி வீசும் ஜப்பான் டோர்ச் இருந்ததே, போதாதா?

விளக்குகளை அணைப்பார். நாங்கள் கொண்டுபோன மீனை ஈரமான வெள்ளைத் துணியால் துடைப்பார். டோர்ச்சை அடிப்பார். மீன் நீலமாக ஒளிரும். "போமலின்! பிணம் பழுதாகாமல் இருக்க அடிக்கிற நஞ்சு!" என்பார். பிறகு தன் போத்தல் தண்ணீரால் கழுவுவார். ஒளி போய்விடும். சனம் அடிபட்டுப் போத்தல் வாங்கும்.

நஞ்சைக் கண்டால் ஒளிரும் சாயங்கள் ஆய்வுகூடங்களில் உண்மையாகவே உண்டு. அதை எங்கோ வாசித்துவிட்டு, இவருக்கு விஞ்ஞான ஆலோசகராக நின்ற மாமேதை நான். முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன். கழுத்தில் அட்டையும் தொங்கியது. மனைவி கனகேஸ்வரி அதைப் படமெடுத்துக் கனடாவிலுள்ள சொந்தங்களுக்கு அனுப்பிவிட்டாள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து பன்னிரண்டு வருடமாக எங்களுக்கு மீன் கொண்டுவரும் றோஸியின் கூடையை, நஞ்சு என்று முதலில் அறிவித்ததும் நானே. மூன்று கிழமையாக அவளிடம் ஒருவரும் வாங்கவில்லை.

அன்று அவள் நேரே மேசைக்கு வந்தாள். ஐஸில் மரத்துக் கிடந்த, கயிற்றால் கட்டிய நண்டொன்றை வைத்தாள்.

"டொக்டர், இதையும் ஒருக்காப் பாருங்கோ."

துடைத்தார். அடித்தார். ஒளிர்ந்தது.

"போமலின்! நாலு நாள் பழசு!" நான்தான் முந்திக்கொண்டு கத்தினேன்.

றோஸி கயிற்றை அறுத்தாள். நாலு நாள் பழசு மெல்ல எழும்பி என் பக்கம் நடந்தது.

"உயிரோட நடக்கிற சாமானுக்கு ஆர் சேர் மருந்து அடிச்சது?"

டோர்ச்சைப் பறித்து, கூடையில் கிடந்த துடைக்காத இன்னொரு நண்டுக்கு அடித்தாள். இருட்டு. துணிக்கு அடித்தாள். பளிச்சென்று மின்னியது. சலவைத் தூளில் வெண்மைக்குப் போடும் சாயம்! நானே படிப்பித்த பாடம்.

"மெஷினில ஏதோ பிழை," என்றபடி டொக்டர் காலி வீதிப் பக்கம் நழுவினார்.

றோஸி டோர்ச்சை என் மீது திருப்பினாள். காலையில் தோய்த்துப் போட்ட வெள்ளைச் சேட்டு முழுக்க நீலமாக எரிந்தது.

"சேருக்கும் அடிச்சிருக்கு போல."

முதலில் சிரித்தது கனகேஸ்வரி. எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"மன்னிச்சுக்கொள், றோஸி."

"அது கிடக்கட்டும் சேர். எல்லாருக்கும் முன்னால நஞ்சு எண்டு சொன்னனீங்கள். நல்லது எண்டும் அப்பிடியே சொல்லுங்கோ."

அட்டையைக் கழற்றிவிட்டு, மாடி மாடியாக ஏறிச் சொன்னேன். துடைக்காததையும் சோதித்துப் பார் என்பது கட்டுப்பாட்டுப் பரிசோதனை. அதை எழுதாத பிள்ளைகளுக்கு நான் பூச்சியம் போட்டவன்.

மகாசனங்களே, மீன் பழுதாகாமல் இருக்க ஐஸ் போதும். மூளை பழுதாகாமல் இருக்க அதைப் பாவிக்கவேண்டும். என்னுடையது முப்பது வருடமாகப் பெட்டி பிரிக்காமலே இருந்திருக்கிறது.