செல்களைப் பேசவிட்டவர்

கீழே இருப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசினால் வேலை கெட்டுவிடும் என்று நம்பும் மேலதிகாரி இனம் ஒன்று உண்டு. பள்ளியில், வங்கியில் பார்த்திருப்பீர்கள். இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண வேண்டுமானால் இன்சுலின் ஆய்வகத் தலைவரிடம் வாருங்கள்.

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, பக்கத்துச் செல்லுக்குச் சேதி சொல்லி, சேதி கேட்டு வேலை செய்தால்தான் சுரப்பு ஒழுங்காக நடக்கும், தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சோர்ந்துபோகும் என்று இருபது வருஷமாக மேடை மேடையாக முழங்கி, வாங்கிய பதக்கங்களையெல்லாம் சுவரில் மாட்டியிருக்கிறார். எந்தச் சுவர்? ஊழியர்கள் அரட்டையடிக்காதிருக்க அவரே எழுப்பிய தடுப்புச் சுவர்.

"எதுவா இருந்தாலும் சீட்டுல எழுதி என் மேஜையில வைங்க. உங்களுக்குள்ள பேச்சு வேணாம்."

சீட்டுகள் வந்தன. படித்தாரா? நேரமேது? 'செல்களின் உரையாடல்' என்ற சொற்பொழிவைத் தயாரித்துக்கொண்டிருந்தார்.

செல்களுக்குச் சர்க்கரைக் கரைசல் ஊற்றும் வேலையை அந்த வாரம் உதவியாளர் அக்காவிடம் கொடுத்தார். கொடுத்ததை மறந்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்த ஆராய்ச்சி மாணவியிடமும் கொடுத்தார். காலையில் அக்கா ஊற்றினார். மாலையில் மாணவி ஊற்றினாள். நாலு நாள். ஐந்தாம் நாள், திகட்டிப்போன செல்கள் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டன.

அக்காவின் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிகிறது. வீட்டில் வேறு சம்பளம் இல்லை.

"ரெண்டு பேருமா ஊத்துவீங்க? ஒரு வார்த்தை பேசிக்க மாட்டீங்களா?"

"பேசக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?" என்றார் அக்கா.

"அதுக்காக வாயைத் தச்சுக்கிட்டா உக்காருவீங்க?"

"ஒவ்வொரு தடவை ஊத்தினதும் சீட்டு எழுதினோமே சார். எட்டும் அதோ, உங்க டீ கப்புக்கு அடியில."

தலைவர் கப்பைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

மாணவிமேல் பழி போட வழியில்லை; அடுத்த கட்டுரையில் அவர் பெயருக்குக் கீழே அவள் பெயர் இருக்கிறது. அக்காவின் பெயர் எங்கும் இல்லை. ஆகவே 'தகவல் தொடர்பில் குறைபாடு' என்று எழுதி ஒப்பந்தத்தை முடித்துவைத்தார்.

மறுநாள் மேடையில் சொன்னார்: "கூட்டத்திலேருந்து நாமே பிரிச்சு வெச்சுட்டு, சுரக்கலைன்னு அந்தச் செல்லைக் குத்தம் சொல்றது நியாயமா?"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று சிரிக்கிறீர்கள். சரி. இதைப் படிக்கும்போது பக்கத்தில் ஒருவர் ஏதோ சொல்ல வந்தாரே, நிமிராமலே "அப்புறம் சொல்லு" என்றீர்களே, அவர் என்ன சொல்ல வந்தார்?